சொல்லில் அமைந்த கணக்கு: தமிழ், வங்கக் கீழ்வாயிலக்கப் பெயர்களும் மொழிபெயர்ப்பும்

கல்கத்தா அலிப்பூரில் உள்ள பெல்வெடர் மாளிகையில் தேசிய நூலகம் 1953 பிப்ரவரி 1 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியர் ச. வையாபுரிப் பிள்ளையின் சொந்த நூல்தொகுதி பின்னர் இந்நூலகத்தைச் சேர்ந்தது. தமிழும் வங்கமும் இவ்வாறு அருகருகே அமைந்த இடத்திலிருந்து இரு மொழிகளின் பழைய கணக்குக் கல்வியை ஒப்பிடுதல் பொருத்தமாகும்.

மதராஸ் மாகாணத்தின் நாட்டுப் பள்ளிகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டுமாறு 1822இல் ஆளுநர் தாமஸ் மன்றோ ஆணையிட்டார். வங்காளத்துப் பாடசாலைகளைப் பற்றி வில்லியம் ஆடம் 1835 முதல் 1838 வரை மூன்று அறிக்கைகள் அளித்தார். வணிகக் கணக்கும் வேளாண் கணக்கும் அங்குப் பயிற்றப்பட்டதையும், சுபங்கரர் பெயரால் வழங்கிய செய்யுள் விதிகளையும் ஆடம் குறிப்பிடுகிறார். தமிழ்த் திண்ணைப் பள்ளிகளில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று ஆகியவை மனப்பாடமாயின. காரி நாயனாரின் கணக்கதிகாரம் நிலம், பொன், நெல், அரிசி முதலிய நடைமுறைப் பொருள்களை வைத்தே கணக்குகளை வகுத்தது.

இக்கல்வி வெறும் நெட்டுருவே என்னும் கருத்து பரவலானது. மனப்பாடம் அதில் பெரும்பங்கு வகித்தது என்பது உண்மையே. ஆயின், மனப்பாடம் செய்யப்பட்ட சொற்களின் அமைப்பை நோக்கினால் அக்கருத்து முழுமையன்று என்பது புலனாகும். மா என்பது 1/20. காணி என்பது 1/80. இரண்டும் கூடிய மாகாணி 1/16 ஆகும். ஆகவே அச்சொல்லே ஒரு கூட்டல். அரைக்கால் என்பது காலில் அரை, அதாவது 1/8, இது பெருக்கல். முக்கால் என்பதும் அத்தகையதே. பிள்ளை சொல்லைக் கற்கும்போதே செய்முறையையும் கற்றது எனலாம்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு வேலி நிலத்தின் விளைவு 100 கலம். மாகாணி வேலியின் விளைவு எவ்வளவு? மாவுக்கு 5 கலம். காணிக்கு ஒன்றே கால் கலம். ஆகமொத்தம் ஆறே கால் கலம். ஒரு கலத்துக்கு 12 மரக்கால் ஆதலின், விடை 6 கலம் 3 மரக்கால். இதே கணக்கை 0.0625 வேலி என்று பெயர்த்தால் விடை பிழையாகாது. விடைக்குச் செல்லும் வழி மறைந்துவிடும்.

வங்கத்தில் நான்கு கொடா ஒரு கண்டா. இருபது கண்டா ஓர் அணா. பதினாறு அணா ஒரு ரூபாய். எனவே ஒரு கண்டா ரூபாயில் 1/320. தமிழில் முந்திரி என்பதன் மதிப்பும் அதுவே. இவ்வொற்றுமையைக் கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியது என்று கூற இயலாது. நான்கு, பதினாறு, இருபது என்னும் கூறுகள் இரு முறைக்கும் பொதுவாயிருத்தலே அதற்குப் போதிய விளக்கம்.

மதிப்பு ஒத்திருப்பினும் சொல்லாக்கம் வேறுபடுகிறது. 1¾ என்பதைத் தமிழ் ‘ஒன்றே முக்கால்’ என ஏகாரத்தால் முழு எண்ணோடு சேர்த்துக் கூட்டும். வங்கம் ‘பௌனே துய்’ என்னும். இது கால் குறைந்த இரண்டு. தமிழில் கூட்டலாக அமைவது வங்கத்தில் கழித்தலாக அமைகிறது. ஒரு மொழியின் வாய்க்கணக்கைப் பிறிதொன்றில் பெயர்ப்போர் இவ்வேறுபாட்டைக் கருதாவிடின், எளிய கணக்கு கடினமாகத் தோன்றும்.

ஒரு சொல்லே பின்னமாகவும் அளவாகவும் வழங்குவது மற்றோர் இடர். வேலியில் இருபதில் ஒரு கூறு மா ஆதலின் அங்கு இரு பொருளும் ஒத்துப்போகின்றன. செங்கல்பட்டுப் பகுதியில் வழங்கிய காணியோ ஏறத்தாழ 1.32 ஏக்கர் கொண்ட தனி நில அளவு. எனவே மொழிபெயர்ப்பாளர் இடம் நோக்கிப் பொருள் கொள்ளுதல் வேண்டும்.

1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் நூறு நயா பைசாவாயிற்று. அணாவும் அதன் கூறுகளும் வழக்கொழிந்தன. தொடர்ந்து மெட்ரிக் அளவைகளும் நடைமுறைக்கு வந்தன. சொற்கள் மட்டும் முற்றிலும் மறையவில்லை. முழுமையைக் குறிக்க வங்க மொழியினர் இன்றும் ‘பதினாறு அணா’ என்பர். தமிழில் அரையும் காலும் முக்காலும் வாழ்கின்றன. மாகாணியும் முந்திரியும் சுவடிகளில் ஒதுங்கின. அச்சுவடிகளைப் பெயர்ப்போர் பின்னப் பெயர்களை அப்படியே வைத்து, அவற்றின் மதிப்பை அடிக்குறிப்பில் தருவதே தக்க முறையாகும். எண் மட்டும் எஞ்சி, பெயர் நீங்கினால், அக்கணக்கைக் கற்பித்த முறையும் உடன் நீங்கிவிடும்.