மடை திறந்தவருக்கு நிலம் எங்கே?

பெர்மாகல்ச்சர் பற்றித் தமிழில் இப்போது நிறையப் பேசுகிறார்கள். நிலம், நீர், மரம், கால்நடை, வீடு என எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்து வடிவமைக்கும் வாழ்முறை அது. 1978-இல் ஆஸ்திரேலியாவின் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரனும் எழுதிய நூல் வழியாக இச்சொல் பரவியது. பூமியைப் பேணுவது, மனிதரைப் பேணுவது, மிகுதியைப் பகிர்வது ஆகியவை அதன் மூன்று அறங்கள். நமக்கு இதில் மறுப்பில்லை. ஒரேயொரு கேள்விதான்: யாருடைய நிலத்தில்?

தூத்துக்குடியிலிருந்தே தொடங்குவோம். துறைமுகம், முத்துக்குளிப்பு, உப்பளம் என்றே அறியப்படும் இக்கரைக்குப் பின்னால் தாமிரபரணிப் பாசனம் இருக்கிறது. ஆற்றின் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வடகால் வழியாகக் குளங்களை நிறைத்தபடி நீர் கோரம்பள்ளம் வரை வருகிறது. குளத்து வண்டல் வயலுக்கு உரம். கரையில் மரம், நீரில் மீன், வற்றினால் மேய்ச்சல். ஒவ்வொரு உறுப்பும் பல வேலை செய்ய வேண்டும் என்று பெர்மாகல்ச்சர் சொல்வதை நம் குளங்கள் எப்போதோ செய்துவிட்டன.

இந்தப் பெருமையைப் பேசுகிறவர்கள் மடையில் நின்றவரைப் பேசுவதில்லை. நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன் என ஊருக்கு ஒரு பெயர் அவருக்கு. மூழ்கி மடை திறந்தவர், கரையைக் காவல் காத்தவர், நீர் குறைந்த காலத்தில் முறை வைத்துப் பாய்ச்சியவர் அவர்தான். பல ஊர்களில் அவர் நிலமற்ற தலித். நிலமில்லாதவர்தான் பாரபட்சமின்றிப் பங்கிடுவார் என்று அதற்கு நியாயமும் சொன்னார்கள்! அறுவடையில் களத்து நெல் கூலி. ஊர் நீரைப் பங்கிட்ட கைக்கு ஊர்க்கிணற்றில் உரிமையில்லை. 1927-இல் மகாடு குளத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் நீர் அள்ளிக் குடித்தது ஏன் போராட்டமானது என்பது இங்கிருந்து பார்த்தால் விளங்கும்.

நிலம் கொடுக்கப்படவே இல்லையா? செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. முதல் 10 ஆண்டுகள் விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அதையும் மீறி ஏராளமான நிலம் கைமாறியது. மீட்கப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர்.

நிலம் கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதைத் தெலங்கானாவின் சகீராபாத் பகுதி காட்டுகிறது. டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் சங்கங்களில் திரண்ட தலித் பெண்கள் தரிசு நிலங்களைத் திருத்தினார்கள். சிறுதானியமும் பயறும் கலந்து விதைத்தார்கள், விதைகளைத் தாங்களே காத்தார்கள், தங்கள் ஊர்களுக்கான தானிய விநியோகத்தையும் நடத்தினார்கள். 2019-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் விருது அவர்களைத் தேடி வந்தது.

தோழர்களே, அறிவு நம்மிடம் எப்போதும் இருந்தது. இல்லாதது பட்டா. உங்கள் ஊர் வருவாய்ப் பதிவேட்டில் பஞ்சமி நிலம் எவ்வளவு, இன்று அது யார் கையில் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மிகுதியைப் பகிர்வது அறம் என்றால், முதலில் பகிரப்பட வேண்டியது நிலம்.