வாக்கும் ஒப்பந்தமும்: போக்குவரத்துச் செலவின் மீது சட்டப்பேரவையின் பிடி

தமிழ்நாட்டு வரவு-செலவுத் திட்டத்தில் நெடுஞ்சாலைகள் மற்றும் சிறு துறைமுகங்கள் துறையின் மானியக் கோரிக்கை எண் 21. போக்குவரத்துத் துறையினுடையது எண் 48. மெட்ரோ ரயில் இவ்விரண்டிலும் இல்லை, சிறப்பு முயற்சிகள் துறையின் பொறுப்பில் வருகிறது. ஊராட்சி ஒன்றியச் சாலைகள் ஊரக வளர்ச்சித் துறையிடமும், சென்னையின் பேருந்துத் தடச் சாலைகளில் பெரும்பகுதி மாநகராட்சியிடமும் உள்ளன. இந்தச் சிதறல் தொல்லைதான் என்றாலும், முயன்றால் சேர்த்துப் படித்துவிடலாம். இதைவிட ஆழமான ஒரு கோளாறைப் பற்றியது இக்கட்டுரை. பேரவை ஓராண்டுச் செலவுக்கு வாக்களிக்கிறது. அரசோ பல ஆண்டுகளுக்கு, கடன் என்றால் பல பத்தாண்டுகளுக்கு, மாநிலத்தைக் கட்டிப்போடும் ஒப்பந்தங்களில் கையெழுத்திடுகிறது. கண்காணிப்பு முழுவதும் முதலாவதைச் சுற்றியே அமைந்திருப்பதால் இரண்டாவது கைநழுவிப் போகிறது.

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 13ஆம் பதிவு, தேசிய நெடுஞ்சாலை போன்றவை நீங்கலாகச் சாலைகளையும் பாலங்களையும் மாநிலத்திடம் தருகிறது. பணத்துக்கான வழி 202 முதல் 206 வரையிலான உறுப்புகளில் இருக்கிறது. ஆண்டு நிதிநிலை அறிக்கை வைக்கப்படுகிறது, கோரிக்கைகள் வாக்குக்கு வருகின்றன, நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேறுகிறது. சட்டத்தின் வழியன்றித் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாயும் வெளியேறக் கூடாது என்கிறது 266(3). 1986இல் மேலவை கலைக்கப்பட்ட பிறகு தமிழ்நாட்டில் இவையனைத்தும் ஒரே அவையில் முடிகின்றன.

இந்த ஏற்பாட்டில் அதிகம் பேசப்படாத ஒரு விதி உண்டு. மாநிலம் வாங்கிய கடனுக்கான வட்டியும் அசலைத் திருப்பும் செலவும் 202(3)இன்படி தொகுப்பு நிதியின் மீது நேரடியாகச் சுமத்தப்பட்டவை. 203(1) அவற்றை விவாதிக்க இடம் தருகிறது, வாக்கெடுப்புக்கு விடுவதில்லை. கடன் கொடுத்தவருக்கு நம்பிக்கை வேண்டும் என்பதால் இது நியாயமே. ஆனால் அதன் விளைவை முழுமையாக எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு மேம்பாலத்துக்கோ தொழில் வழித்தடத்துக்கோ கடன் ஒப்பந்தம் முடிந்துவிட்டால், அதைத் திருப்பிச் செலுத்தும் பணத்தின் மீது எந்தப் பேரவைக்கும் வாக்கு கிடையாது. உறுப்பினர்களுக்கு உண்மையான பிடி இருக்கக்கூடிய ஒரே தருணம் கையெழுத்துக்கு முந்தைய தருணம். நடைமுறை விதிகள் அந்தத் தருணத்தில் பேரவைக்கு எந்த வேலையும் தரவில்லை.

மானியக் கோரிக்கை நாளில் நடப்பதைப் பார்க்கலாம். துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு உறுப்பினர்களின் கைக்கு வருகிறது. வெட்டுத் தீர்மானங்கள் முன்மொழியப்பட்டதாகக் கொள்ளப்படுகின்றன. பேசுகிறவர்கள் தத்தம் தொகுதியின் தரைப்பாலம், புறவழிச்சாலை, ரயில்வே மேம்பாலம் பற்றிக் கேட்கிறார்கள். இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். எந்த ஊரில் எந்தச் சாலை மழைக்குத் தாங்கவில்லை என்பதை எந்தத் தணிக்கையாளரையும்விடச் சட்டமன்ற உறுப்பினர் நன்கு அறிவார். ஆயினும் சாலையைக் கேட்பது வேறு, சாலைக்கான செலவைக் கேள்வி கேட்பது வேறு. கணக்குத் தலைப்பு 3054இல் பராமரிப்புக்கும் 5054இல் புதிய கட்டுமானத்துக்கும் போகும் தொகைகளின் விகிதம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்க அந்த நாளில் நேரமும் இல்லை, தேவையான தாள்களும் இல்லை. முடிவில் அமைச்சர் பதிலுரையில் புதிய அறிவிப்புகளை வாசிக்கிறார். உடனே கோரிக்கை குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகிறது. மதிப்பீட்டு நூல்கள் அச்சாகி வாரங்கள் கடந்த பின் வரும் இந்த அறிவிப்புகளுக்கும், அவை வாக்களிக்கும் தொகைக்கும் என்ன தொடர்பு என்பதை அந்த வாக்கு சொல்வதில்லை. பின்னர் வரும் துணை மதிப்பீடுகளில் சில புதுப் பணிகள் அடையாளத் தொகையோடு மட்டும் நுழைகின்றன. மிச்சம் வேறு தலைப்பிலிருந்து மாற்றி ஒதுக்கப்படும். சட்டப்படி குறையில்லை. ஆனால் ஒரு பெரிய சாலைப்பணிக்கு அவை ஒப்புதல் தந்த அளவு அச்சில் மிகச் சிறியதாக நிற்கிறது.

வெளிநாட்டுக் கடனில் இந்த இடைவெளி இன்னும் விரிகிறது. 293(1) மாநில அரசுக்கு இந்தியாவுக்குள் மட்டுமே கடன் வாங்க அதிகாரம் தருகிறது. அதற்கு வரம்பு விதிக்கும் உரிமையைச் சட்டமன்றத்துக்குத் தருகிறது. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஜப்பானின் ஜைக்கா ஆகியவற்றின் பணம் ஒன்றிய அரசின் வழியாக வருகிறது. பன்னிரண்டாம் நிதிக்குழுவின் பரிந்துரைக்குப் பின் 2005 முதல், பொது வகை மாநிலங்களுக்கு இக்கடன்கள் வாங்கிய நிபந்தனைகளோடு அப்படியே கைமாற்றப்படுகின்றன. நாணய மதிப்பு சரிந்தால் சுமை மாநிலத்தைச் சேரும். 2003இல் தமிழ்நாடு நிறைவேற்றிய நிதிசார் பொறுப்புடைமைச் சட்டம் பற்றாக்குறைக்கும் உத்தரவாதங்களுக்கும் மொத்த வரம்பு வைக்கிறது. எந்தச் சாலைக்காக, எந்த நாணயத்தில், எத்தனை ஆண்டுக்கு என்ற கேள்விகளை அந்த மொத்த எண் விழுங்கிவிடுகிறது.

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் இதற்குத் தெளிவான சான்று. 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள், மதிப்பீடு ரூ.63,246 கோடி. 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஒன்றிய அமைச்சரவையின் ஒப்புதலோ 2024 அக்டோபரில்தான் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் இது மாநிலத் திட்டமாகவே நடந்தது. அப்போது செலவில் ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்கு மாநிலம் பொறுப்பாக இருந்தது. ஒப்புதலுக்குப் பின் ஏறத்தாழ 65 விழுக்காட்டுக்கு ஒன்றியம் வழிசெய்யும் என்று அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் கடன் ஏட்டை இவ்வளவு அசைத்த வேறு போக்குவரத்துத் திட்டம் இல்லை எனலாம். இந்தச் சுமையை ஏற்கலாமா என்ற கனமான கேள்வி பேரவையை எட்டிய வடிவம் ஆண்டு ஒதுக்கீடு மட்டுமே. திட்டத்தை நடத்தும் நிறுவனம் இரு அரசுகளின் கூட்டு நிறுவனம். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 394ஆம் பிரிவு அதன் ஆண்டறிக்கையை நாடாளுமன்றத்திலும் மாநிலச் சட்டமன்றத்திலும் வைக்கச் சொல்கிறது. அறிக்கை இரண்டு அவைகளின் மேசைக்கும் வருவதால் அதை ஆராய்வது தன் கடமை என்று எந்த அவையும் கருதாமல் போகும் ஆபத்து உண்டு.

நிறுவனம் என்ற வடிவமே கண்காணிப்பைத் தொலைவுக்குத் தள்ளுகிறது. பழைய மாமல்லபுரம் சாலையில் தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்தின் வழியே சுங்கம் வசூலிக்கப்பட்டது. பெருங்குடி உள்ளிட்ட நான்கு சாவடிகளில் 2021 ஆகஸ்ட் 30 முதல் வசூல் நிற்கும் என்று பேரவையில் அறிவிக்கப்பட்டபோது மக்கள் மகிழ்ந்தார்கள். மகிழக் காரணமும் இருந்தது. அந்த வருவாயை நம்பி நிறுவனம் ஏற்ற பொறுப்புகள் இனி எந்தக் கணக்குத் தலைப்பில் விழும் என்ற தாள் அறிவிப்போடு சேர்ந்தே வர வேண்டும் என்று விதி இருந்திருந்தால், அந்த மகிழ்ச்சி குறைந்திருக்காது, கணக்கும் தெளிவாகியிருக்கும். பேருந்துக் கழகங்களின் நிலையும் இதுவே. எட்டு கழகங்களுக்கும் கடன் தர, பொதுமக்களிடம் வைப்புத்தொகை திரட்டும் போக்குவரத்து மேம்பாட்டு நிதி நிறுவனம் 1975 முதல் இயங்குகிறது. பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் ரூ.59.15 இழப்பு என்று 2021 ஆகஸ்டில் வெளியான வெள்ளை அறிக்கை சொன்னபோது பலர் அதிர்ந்தனர். அந்த எண்ணை ஒரு சிறப்பு அறிக்கை வந்து சொல்ல வேண்டியிருந்ததே கண்காணிப்பின் நிலையைக் காட்டுகிறது. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அதே ஆண்டு மே மாதம் அரசாணையால் தொடங்கியது. ரூ.1,200 கோடி ஈடு அறிவிக்கப்பட்டது. மிக நல்ல திட்டம். எவ்வளவோ பெண்களுக்கு வேலைக்குப் போகும் வழியைத் திறந்தது. அதனாலேயே ஈட்டுத்தொகை எந்த அடிப்படையில் கணக்கிடப்படுகிறது, உரிய காலத்தில் கழகங்களுக்குப் போய்ச் சேருகிறதா என்பதை ஆண்டுதோறும் பேரவை அறிந்தாக வேண்டும். ஈடு தாமதமானால் பாதிக்கப்படுவது பேருந்துகளின் எண்ணிக்கையும் ஓய்வு பெற்ற ஓட்டுநர், நடத்துநரின் பணப்பயன்களும்தாம்.

பொதுக் கணக்குக் குழுவும் பொது நிறுவனங்கள் குழுவும் இருக்கின்றனவே எனலாம். அவை 151(2)இன் கீழ் வரும் தணிக்கை அறிக்கைகளைப் பின்தொடர்ந்து, செலவு முடிந்து ஆண்டுகள் கழித்துப் பேசுகின்றன. அந்தப் பணி இன்றியமையாதது. போட்ட சாலையைப் பற்றி அது கற்றுத்தரும். போடப்போகும் சாலைக்கான கையெழுத்தைத் தடுக்காது.

அடுத்த மாநிலமான கேரளம் 1980இலேயே துறைவாரிப் பொருட்குழுக்களை அமைத்தது. நாடாளுமன்றம் 1993இல்தான் துறைசார் நிலைக்குழுக்களை முழுமையாக ஏற்படுத்தியது. கேரளக் குழுக்கள் வாக்கெடுப்புக்கு முன் கோரிக்கைகளை ஆராய்கின்றன. தமிழ்நாட்டில் அது இல்லை. இருந்தும் கேரள அனுபவம் எச்சரிக்கையும் தருகிறது. அங்கே குழுவின் தலைவர் துறை அமைச்சரே என்பதால் கேள்விகளின் கூர்மை குறைகிறது. அதைவிடப் பெரிது, கேரள உட்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியமான கிஃப்பி. மோட்டார் வாகன வரியின் பங்கையும் எரிபொருள் மேல்வரியையும் நம்பிய வாரியம், 2019இல் ரூ.2,150 கோடிக்கு மசாலாப் பத்திரம் வெளியிட்டது. சாலைகள், பாலங்கள், பள்ளிகள் என்று பணம் பயன்பட்டதை மறுக்க முடியாது. ஆனால் கடன் வரவு-செலவுத் திட்டத்துக்கு வெளியே நின்றதால், கோரிக்கைகளை ஆராயும் குழுக்களின் முறையான வரம்புக்குள் வரவில்லை. இதைக் கணக்குத் தணிக்கைத் தலைவர் கண்டித்தபோது, அந்தக் கருத்துகளை நிராகரித்து 2021 ஜனவரியில் பேரவையே தீர்மானம் நிறைவேற்றியது. மாநிலத்தின் கடன் உரிமையை ஒன்றியம் நெருக்குவதை எதிர்ப்பது நியாயம். அந்த எதிர்ப்பில், தன் கண்காணிப்புக்காக எழுதப்பட்ட அறிக்கையையே அவை தள்ளிவைக்க நேர்ந்தது வருந்தத்தக்கது. இதிலிருந்து நான் பெறும் முடிவு: குழு அமைத்தால் மட்டும் போதாது, குழு எதை ஆராய்கிறது என்பதையும் மாற்றியாக வேண்டும்.

திட்டங்களின் வேகம் குறையும் என்பது, கையெழுத்துக்கு முன்பே குழு ஆராய வேண்டும் என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்பு. நில எடுப்பிலும் மின்கம்பம், குடிநீர்க் குழாய் மாற்றுவதிலும் ஆண்டுகள் கழியும் துறையில், மூன்று வாரக் குழு ஆய்வைத் தாமதத்தின் காரணமாகச் சுட்டுவது பொருந்தாது. அவை தன் நடைமுறை விதிகளைத் தானே வகுத்துக்கொள்ள 208ஆம் உறுப்பு அதிகாரம் தருகிறது; புதிய சட்டமோ ஒன்றியத்தின் ஒப்புதலோ தேவையில்லை. எதிர்க்கட்சி உறுப்பினர் தலைமையில், சாலை, பேருந்து, மெட்ரோ மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு போக்குவரத்துக் குழு போதும். வரவு-செலவுத் திட்டத்தோடு அதன் முன் ஓர் உறுதிப்பாட்டு அறிக்கை வைக்கப்பட வேண்டும். வரும் ஆண்டுகளைக் கட்டும் ஒவ்வொரு பராமரிப்பு ஒப்பந்தம், வெளிநாட்டுக் கடன், உத்தரவாதம், நிறுவனக் கடன் ஆகியவற்றின் எஞ்சிய தொகையும் முடியும் ஆண்டும் அதில் இருக்க வேண்டும். குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட புதிய உறுதிப்பாடு எதுவும் குழு அதைப் பார்த்துக் கருத்து எழுதும் வரை கையெழுத்துக்குப் போகக் கூடாது.