ஒரே தோம்பில் இரண்டு அடுப்பா?

வீட்டில் விசேஷம் என்றால், சமையலறை அடுப்போடு பின்வாசலில் இன்னோர் அடுப்பையும் ஒரே எரிவாயு தோம்பில் இணைப்போர் உண்டு. இரண்டாவதைப் பற்றவைத்ததும் முதல் அடுப்பின் தீ தணிந்தால், தோம்பு காலி என்று பொருளல்ல. ரெகுலேட்டர் மணிக்கு இவ்வளவுதான் எரிவாயு விடும். அந்த அளவு பெரும்பாலும் அதன்மீதே பொறிக்கப்பட்டிருக்கும். அடுப்புகளின் மொத்தத் தேவை அதைத் தாண்டக்கூடாது.

அதிகம் எரித்தால் தோம்பு குளிர்ந்து, அழுத்தமும் குறையும். அதற்காகத் தோம்பைச் சாய்க்காதீர்கள், சூடாக்காதீர்கள். சாய்த்தால் திரவமே குழாயில் பாயும். உயர் அழுத்த அடுப்புக்குத் தனித் தோம்பும் அதற்குரிய ரெகுலேட்டரும் வேண்டும்.

இணைப்புகளில் சவர்க்கார நீரைத் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் உடனே தோம்பை மூடுங்கள். இந்த எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையிலும் கால்வாயிலும் தேங்கி நிற்கும்.