பனியில் இரு அன்னையர்

தூத்துக்குடியில் வெண்பனி பொழிவதில்லை. ஆயினும் அக்கடற்கரை மக்கள் தங்கள் அன்னையைப் பனிமய மாதா என்றே அழைக்கின்றனர். தஸ்நேவிஸ் மாதா என்பது அதனினும் பழைய வழக்கு. 'தாஸ் நேவிஸ்' என்னும் போர்த்துகீசியச் சொற்களுக்குப் பனிகளின் என்று பொருள். கடுங்கோடையில், ஓர் ஆகஸ்டு 5ஆம் நாள், உரோமையின் எஸ்குலின் குன்றில் பனி விழுந்து ஆலயம் அமையவேண்டிய இடத்தைக் காட்டியது என்னும் ஐதிகமே அப்பெயரின் ஊற்று.

முத்துக்குளித்துறையின் பரதவர் 1535 தொடங்கிக் கிறித்தவம் தழுவினர். 1542இல் சவேரியார் வந்தார். 1582இல் இவ்வன்னைக்குத் தூத்துக்குடியில் ஆலயம் எழுந்தது. 1658இல் நகரம் டச்சுக்காரர் வசமாயிற்று. புரோட்டஸ்டண்டு ஆட்சியிலும் பரதவர் தம் தாயைக் கைவிடவில்லை. இன்றைய ஆலயத்தில் முதல் திருவிழா 1713இல் நிகழ்ந்தது. 1982இல் அது பேராலயமாக உயர்த்தப்பட்டது.

பனியையும் தாய்மையையும் ஒருசேர வைத்த ஓர் ஓவியத்தை இவ்வன்னைக்கு அருகில் நிறுத்திப் பார்க்க விழைகிறோம். 'தீய தாய்மார்' என்பது அதன் பெயர். குறியீட்டிய ஓவியர்களுள் ஒருவரான ஜொவான்னி செகந்தீனி 1894இல் தீட்டியது; இப்போது வியன்னாவில் உள்ளது. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உறைந்து கிடக்கும் வெண்வெளி. இலையற்ற ஒரு மரம். அதன் கிளைகளில் கூந்தல் சிக்கி, உடல் வில்லாய் வளைந்து தவிக்கிறாள் ஒரு பெண். கிளையிலிருந்தே முளைத்தாற்போன்ற ஒரு குழந்தையின் தலை அவள் மார்பைப் பற்றியிருக்கிறது. தாய்மையை மறுத்தவளுக்கு விதிக்கப்பட்ட தண்டனை இது. இந்தியப் பழம்பாடலொன்றின் சாயலில் லூயிஜி இல்லிகா எழுதிய 'நிர்வாணா' என்னும் கவிதையே ஓவியத்துக்குத் தூண்டுதல். நம் பெயரால் அங்கே ஒரு பனி நரகம் உருவாகியிருப்பது வியப்புக்குரியது.

அதே 1894இல் செகந்தீனி 'வாழ்வின் தேவதை'யையும் வரைந்தார். அங்கும் ஒரு மரம். அதன் கிளையே அரியணையாக, மகவை அணைத்தபடி ஒரு தாய். ஒருத்திக்கு மரம் சிறை, மற்றவளுக்கு மடி. ஏழு வயதில் தாயை இழந்தவர் செகந்தீனி. இழந்த தாயைத் தொழுத அதே கை மற்றொருத்தியைத் தண்டித்தது. அவள் ஏன் மறுத்தாள் என்று ஓவியம் கேட்கவில்லை. அப்பேரழகின் முன் நமக்கு எழும் மனத்தடை இதுவே.

தூத்துக்குடியின் பனி வேறு. தமிழில் வெண்பனியும் மார்கழிப் பனித்துளியும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. வெயில் நாட்டவரான நமக்குக் குளிர்ச்சி என்பது அருள். பெற்ற வயிறு குளிர வேண்டும் என்றுதான் வாழ்த்துகிறோம். போர்த்துகீசியரின் பனி இம்மொழிக்குள் வந்ததும் அதன் கடுமை கரைந்து ஈரமாயிற்று.

அந்த ஈரத்துக்குத் தேவை இருந்தது. காலில் கல்லைக் கட்டி ஒரே மூச்சில் கடலடிக்கு இறங்கியவனின் உயிர், மேலே தோணியில் கயிறு பிடித்தவன் கையில் இருந்தது. கயிற்றை மைத்துனனிடமே கொடுப்பர் என்பது கடற்கரைச் செவிவழிச் செய்தி. தன் தங்கையின் தாலிக்காகவேனும் அவன் கண்ணயரமாட்டான் அல்லவா? கரையில் பிள்ளையை இடுப்பில் ஏந்திக் காத்திருந்த பெண்கள் அந்த அன்னையிடம் நியாயத்தீர்ப்பைக் கேட்டிருக்கமாட்டார்கள். கயிறு அசையவேண்டும் என்றே வேண்டியிருப்பார்கள்.

தூத்துக்குடியின் கடைசிப் பெரும் முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. கயிறும் கல்லும் போய்விட்டன. ஆகஸ்டு 5 மட்டும் ஆண்டுதோறும் வருகிறது. வெயிலில் வியர்த்து நிற்கும் கூட்டத்தின் நடுவே, பனியின் பெயர் தாங்கிய தாய் வீற்றிருக்கிறாள். அவள் முன் வந்து நிற்கும் எந்தப் பெண்ணிடமும், நீ நல்ல தாயா என்று எவரும் கேட்பதில்லை.