தர்ஹா: வேலிக்குள் வந்த சாவு

கறுப்பு அங்கி போட்ட எலும்புக்கூடுகள் செடி வளர்க்கின்றன. ஒன்று பூவாளியால் தண்ணீர் ஊற்றுகிறது. இன்னொன்று ஒரு செடியை மார்போடு அணைத்து நிற்கிறது. பின்லாந்து ஓவியர் ஹூகோ சிம்பெர்க் (1873–1917) 1896இல் வரைந்த இந்த நீர்வண்ணப் படம் ஹெல்சிங்கியின் அத்தேனெயும் கலைக்கூடத்தில் இருக்கிறது. பக்கத்துக்குச் சுமார் 16 சென்டிமீட்டர்தான். அரிவாளோடு வந்து ஆளை வாரிக்கொண்டு போகும் சாவை ஐரோப்பா நூற்றாண்டுக்கணக்கில் வரைந்து தள்ளியிருக்கிறது. தண்ணீர் ஊற்றும் சாவு அபூர்வம்.

படத்தின் பெயர் பின்னிஷ் மொழியில் ‘குவோலெமன் பூதர்ஹா’, அதாவது சாவின் தோட்டம். ‘பூ’ என்பது அங்கே மரம். நம் பூ அல்ல. ‘தர்ஹா’ என்பது அடைப்பு. (நம் ஊர் தர்காவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, அது பாரசீகம்.) பால்டிக் மொழிகளிலிருந்து பின்னிஷுக்கு வந்த சொல் என்பார்கள். லித்துவேனியாவில் காய்கறித் தோட்டத்தை இன்றும் ‘தார்ஜஸ்’ என்கிறார்கள்.

தர்ஹாவில் எதை வேண்டுமானாலும் அடைக்கலாம். மாட்டை அடைத்தால் பட்டி. மரத்தைச் சேர்த்தால் தோட்டம். விலங்கைச் சேர்த்து ‘எலாயின்தர்ஹா’ என்றால் மிருகக்காட்சிசாலை. கிறிஸ்தவக் கோயிலைச் சுற்றி வேலி போட்டால் ‘கிர்க்கோதர்ஹா’. ஊரார் தங்கள் பிணங்களைப் புதைத்த இடம் அதுதான். சிம்பெர்க்கின் வீட்டுமொழி ஸ்வீடிஷ். அதிலும் கதை இதேதான். தோட்டத்துக்கு ‘த்ரெட்கோர்ட்’, மர அடைப்பு. கல்லறை நிலத்துக்கு ‘ஷுர்க்கோகோர்ட்’, கோயில் அடைப்பு. இந்த ‘கோர்ட்’டின் பங்காளிகள்தான் இங்கிலீஷின் கார்டனும் யார்டும். ஆக, சாவையும் தோட்டத்தையும் ஒன்றாக வைத்தது ஓவியரின் விசித்திரக் கற்பனை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் வளர்ந்த இரண்டு மொழிகளிலும் இரண்டும் ஒரே வேலிக்குள் முன்பே இருந்தன. நம் கிறிஸ்தவர்கள் ‘கல்லறைத் தோட்டம்’ என்பதும் நினைவுக்கு வரும். அது தனிக் கதை.

இந்த வேலியைச் சாதாரணமாக எண்ணக்கூடாது. மேயும் மாடு புதைகுழியை மிதிக்காமல் காத்தது அது. அதைவிட, யார் உள்ளே, யார் வெளியே என்று தீர்மானித்ததும் அதுதான். தற்கொலை செய்துகொண்டவர்களும் தூக்கிலிடப்பட்டவர்களும் பல காலம் வேலிக்கு வெளியே புதைக்கப்பட்டார்கள்; உள்ளே இடம் கிடைத்தாலும் வடக்கு மூலைதான். கிறிஸ்தவத்துக்கு முந்தைய புதைநிலத்துக்குத் தனிச்சொல் உண்டு: ‘கல்மிஸ்தோ’. ‘கல்மா’ என்றால் சாவு, பிணவாடை. அந்தச் சொல்லில் வேலி இல்லை. கோயிலோடுதான் வேலி வந்தது.

சிம்பெர்க்கின் தோட்டத்திலும் செடிகள் பாத்தி பாத்தியாக, தொட்டி தொட்டியாக ஒழுங்காக நிற்கின்றன. இறந்தவர்கள் சொர்க்கத்துக்குப் போகுமுன் வந்து சேரும் இடம் இது என்று அவரே ஒரு குறிப்பில் விளக்கியிருக்கிறார். பின்லாந்தின் லூத்தரன் சபையோ அப்படியொரு இடைப்பட்ட இடத்தை, உத்தரிக்கிற ஸ்தலத்தை, ஒப்புக்கொள்வதில்லை. இருந்தும் கட்டடக் கலைஞர் லார்ஸ் சோன்க் கட்டி 1907இல் முடித்த தம்பெரே தேவாலயத்தின் சுவரில் இதே காட்சியை அவர் பெரிதாக எழுதினார். அங்கே சலசலப்பைக் கிளப்பியவை கூரையில் இருந்த பாம்பும், மாலை சுமக்கும் ஆடையில்லாச் சிறுவர்களும்.

இன்றைய பின்லாந்தில் இடுகாட்டுப் பலகைகளில் பெரும்பாலும் ‘ஹவுதவுஸ்மா’, புதைக்கும் நிலம், என்றுதான் இருக்கும். கிர்க்கோதர்ஹா பழைய கோயில்களை ஒட்டி ஒதுங்கிவிட்டது. ஆனால் தர்ஹா வேறோர் இடத்தில் பிழைத்துக்கொண்டது. 1888இல் ஹன்னா ரோத்மன் ஹெல்சிங்கியில் ஏழைப் பிள்ளைகளுக்காகக் கிண்டர்கார்டன் தொடங்கினார். அந்த ஜெர்மன் சொல்லை அப்படியே பெயர்த்து ‘லஸ்தென்தர்ஹா’ என்றார்கள், குழந்தைகளின் அடைப்பு. 1973இன் சட்டம் அதற்கு வேறு பெயர் வைத்தும், பேச்சில் பழைய சொல் போகவில்லை. இப்போது ஹெல்சிங்கியில் ஒரு தாய் “தர்ஹாவுக்குப் போகிறேன்” என்றால், மாலையில் பிள்ளையைக் கூட்டிவரக் கிளம்புகிறாள் என்று பொருள்.