இனுயிற் சமூகத்திலே பாலும் மரபும்

ஒரு சமூகத்தின் மரபு எதுவென வரையறுக்கும் உரிமை யாருக்குரியது? எஸ்கிமோவர் என முன்னர் அழைக்கப்பட்டு, இன்று கிறீன்லாந்து, வட கனடா, அலாஸ்கா ஆகிய பனிப் பிரதேசங்களில் வாழும் இனுயிற் மக்களிடையே இவ்வினா அண்மைக் காலத்திற் கூர்மை பெற்றது. தன்பாலீர்ப்பு தம் மரபுக்குப் புறம்பானது, வெளியார் கொணர்ந்தது என்பது அவர்களுள் ஒரு சாரார் கூற்று. இதனை வரலாறு ஏற்கின்றதா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் மரபுச் சான்றுகளைக் காண்போம். இனுயிற் மொழியில் ‘அவன்’, ‘அவள்’ எனப் பால் உணர்த்தும் சுட்டுப்பெயர்கள் இல்லை. குழந்தைக்கு இறந்தவர் ஒருவரின் பெயரை இடுவர். பெயரோடு அவரது ஆளுமையும் குழந்தையைச் சேரும் என்பது நம்பிக்கை. பெயர்களுக்கும் பால் வேறுபாடு இல்லை. எனவே, தாய்வழிப் பாட்டனின் பெயரைப் பெற்ற பெண் குழந்தையை அதன் தாயே ‘அப்பா’ என விளிப்பதுண்டு. அத்தகைய சிறுமியர் சிலர் ஆணுடை அணிந்து வேட்டை பயின்று, பருவமெய்தியபின் பெண்ணுடைக்கு மீண்டனர். பிறக்குந் தறுவாயிற் பால் மாறியதாகக் கருதப்பட்ட குழந்தை ‘சிப்பினிக்’ எனப்பட்டது. கனடாவின் இக்லூலிக் பகுதியில் ஆய்வு நிகழ்த்திய மானிடவியலாளர் பேர்ணார்ட் சலடின் டாங்ளூர் இதனை ‘மூன்றாம் பால்’ என விளக்கினார். அப்பகுதியின் தோற்றக் கதையொன்றில் ஆதி மனிதர் இருவரும் ஆண்களே. அவருள் கருவுற்ற ஒருவர் மந்திரப் பாடலாற் பெண்ணாக மாறுகின்றார்.

ஆயினும், இவற்றை இன்றைய தன்பாலீர்ப்பு அடையாளத்தோடு ஒன்றாகக் கொள்ளல் தவறாகும். சிப்பினிக் என்பது ஒருவரின் பால்நிலை பற்றியதேயன்றி, அவர் யாரை விரும்பினார் என்பது பற்றியதன்று.

அவ்வாறாயின் தன்பாலீர்ப்புப் பற்றி மரபு மௌனஞ் சாதிப்பதேன்? அம்மௌனத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1721இல் ஹான்ஸ் எகெட கிறீன்லாந்திலும், 1771இல் மொறேவியத் திருச்சபையினர் லப்றடோரிலும் சமயப் பணி தொடங்கினர். பழைய மந்திரச் சடங்குகள் பாவமெனக் கண்டிக்கப்பட்டன. பின்னர் வதிவிடப் பாடசாலைகள் கனடாவிலே பிள்ளைகளை மூத்தோரிடமிருந்து பிரித்தன. இதற்காக அந்நாட்டு அரசு 2008இல் மன்னிப்புக் கோரியது. இன்று ‘மரபு’ எனப்படுவதில் ஒரு பகுதி இக்காலத்தில் உருவானதே.

1999இல் தோன்றிய நுனாவுட் ஆட்சிப்புலம், கடும் விவாதத்தின் பின், 2003இல் நிறைவேற்றிய மனித உரிமைச் சட்டத்திற் பாலீர்ப்பு அடிப்படையிலான பாகுபாட்டைத் தடைசெய்தது. கிறீன்லாந்துப் பாராளுமன்றம் ஒருபால் திருமணத்தை 2015இல் ஏகமனதாக ஏற்றது; அச்சட்டம் 2016இல் நடைமுறைக்கு வந்தது.

இன்றைய வடிவிலேயே இவ்வடையாளம் அன்றும் இருந்ததெனச் சாதிக்கச் சான்றில்லை. அது அந்நியமானதே என மறுக்கவும் சான்றில்லை. உடல் ஒன்றே மனிதரின் இடத்தைத் தீர்மானிக்கும் என இம்மரபு கொள்ளவில்லை என்பதே தெளிவு. ஆகவே, தன் குலத்து இளைஞன் ஒருவனை ‘நீ எம்மவன் அல்லன்’ என ஒதுக்குவோர் வரலாற்றைத் துணைக்கு அழைத்தல் பொருந்தாது.