தலைப்பெழுத்தாக ஓர் ஆசான்: ‘ஜேபி நட்டு’ என்ற சட்டைப் பெயர் குறித்து

சின்னப்பம்பட்டி கிரிக்கெட் பந்துவீச்சாளர் த. நடராஜனைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போயிருக்கிறார்கள். தறி வேலைக்குப் போன தந்தை, சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை போட்ட தாய், இருபது வயதுவரை டென்னிஸ் பந்து, அப்புறம் சென்னை, அப்புறம் இந்திய அணி. இந்தக் கதையில் டென்னிஸ் பந்து வறுமையின் அடையாளம், தாண்டி வரவேண்டிய தடை. பயிற்சியாளர் ஜெயப்பிரகாஷ் குப்பையில் கிடந்த மாணிக்கத்தைக் கண்டெடுத்தவர், அவ்வளவே. இரண்டுமே தவறான வாசிப்பு என்பது என் கருத்து.

என் முதன்மைச் சான்று ஒரு சட்டையின் முதுகுதான். ஐபிஎல்லில் ஹைதராபாத் அணிக்கு ஆடியபோது நடராஜன் அணிந்த சட்டையில் இருந்த பெயர் ‘ஜேபி நட்டு’. ஜேபி என்பது ஜெயப்பிரகாஷ். இதை நன்றிக்கடன் என்று சொல்லிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். நன்றி இல்லை என்று நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு எழுத்துகள் பெயரின் எந்த இடத்தில் நிற்கின்றன என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தமிழ்ப் பெயரில் அந்த இடம் தலைப்பெழுத்துக்கு உரியது. அங்கே தந்தை நிற்பார். சில வேளை ஊர் நிற்கும். டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் ‘டி’ திருவாவடுதுறை, எம். ஜி. ஆரின் ‘ஜி’ தந்தை கோபாலன். ஆசானின் பெயரைத் தன் பெயரில் ஏற்றுக்கொள்ளும் வழக்கமும் நமக்குப் புதிதல்ல. கனக சுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனார். அந்தச் சுப்புரத்தினத்துக்குத் தாசனாகி, சுப்புரத்தினதாசன் என்பதைச் சுருக்கிக்கொண்டவர் சுரதா. ஆனால் இந்த இரு பெயர்களிலும் உள்ள ‘தாசன்’ என்ற சொல் நடராஜனின் சட்டையில் இல்லை. தாசன் என்பது அடிமைத்திறத்தைச் சொல்வது. தலைப்பெழுத்து சொல்வதோ பிறப்பை. இவன் இன்னாரிடமிருந்து வந்தவன் என்பதை. தந்தை தங்கராசுவின் ‘த’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ஜேபி’ வந்து நிற்பதால், பந்துவீச்சாளன் என்ற அளவில் தன் வம்சம் எது என்று இந்தப் பெயர் அறிவிக்கிறது என்றே நான் வாசிக்கிறேன். ‘இரண்டு எழுத்தில் இவ்வளவு ஏற்றலாமா’ என்று கேட்பவர்கள், தங்கள் சான்றிதழில் தலைப்பெழுத்து மாறி அச்சாகிவிட்டால் எத்தனை அலுவலகம் ஏறி இறங்குவார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

வம்சம் என்றால் கைமாறிய வித்தை ஒன்று இருக்கவேண்டும். அது யார்க்கர், மட்டையாளனின் காலடியில் இறங்கும் பந்து. டென்னிஸ் பந்தின் எடை 56 முதல் 59.4 கிராம். கிரிக்கெட் பந்து 155.9 முதல் 163 கிராம். டென்னிஸ் பந்தில் தையல் மேடு கிடையாது. காற்றில் அவ்வளவாக வளையாது. கட்டாந்தரையில் குத்தினால் இடுப்புக்கு மேல் எழும்பி மட்டைக்கு வாகாக வரும். உள்ளூர் டோர்னமெண்டில் ஓவர்களும் குறைவு, எல்லைக்கோடும் கிட்டத்தில். முதல் பந்திலிருந்தே அடிதான். வீசுபவனுக்கு மிஞ்சும் பத்திரமான இடம் மட்டையாளனின் கால்விரல் ஒன்றுதான். பெரிய கிரிக்கெட்டில் கடைசி நான்கு ஓவரில் வரும் நெருக்கடி இங்கே ஆட்டம் முழுக்க நீடிக்கிறது. இலங்கையின் ரத்கமவில் மென்பந்து ஆடி வளர்ந்த மலிங்கவும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். 2016 டிஎன்பிஎல்லில் திண்டுக்கல் அணிக்காகச் சூப்பர் ஓவரில் நடராஜன் ஆறு பந்தையும் யார்க்கராக இறக்கியதை அதிசயமாக எழுதியவர்கள், அவர் முன்பு ஆடிய ஆட்டத்தின் கணக்கைப் பார்க்கவில்லை.

கடினமான மறுப்பு ஒன்று உண்டு. 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சியில் அறிமுகமானதும், அவருடைய வீச்சு முறை ஐயத்துக்குரியது என்று புகார் எழுந்தது. டென்னிஸ் பந்து கையைக் கெடுத்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்பார்கள். எடை குறைந்த பந்தை விரட்ட முழங்கையைச் சுண்டும் பழக்கம் வந்துவிடக்கூடும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்து நடந்ததைக் கவனிக்க வேண்டும். சென்னைப் பயிற்சியாளர்களிடம் கையைத் திருத்திக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது யார்க்கர் அப்படியே இருந்தது. 2017 ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்குப் போனதும், 2020 நவம்பரில் டி வில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்ததும் திருத்திய கைதான். வீச்சு முறை மாறியும் நீளம் மாறவில்லை என்றால், அவர் ஊரில் கற்றது நீளத்தை.

ஒருவரை வைத்து வம்சம் பேசக்கூடாதுதான். அதே ஊரிலிருந்து வந்தவர் ஜி. பெரியசாமி. நடராஜன் இடக்கை, இவர் வலக்கை, தோளுக்குப் பக்கவாட்டில் கவண்போல் சுழற்றி எறிபவர். இருவருக்கும் உடலசைவில் ஒற்றுமையே இல்லை. ஆனாலும் 2019 டிஎன்பிஎல்லில் 21 விக்கெட் எடுத்து முதலிடம் பிடித்த அவரும் காலடியைக் குறிவைத்தே வீசினார். தனிமனிதத் திறமை என்ற விளக்கம் இங்கே போதாது.

நடராஜனே இப்போது பயிற்சி தரும் இடத்துக்கு வந்துவிட்டார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் சின்னப்பம்பட்டியில் திறந்துவைத்த மைதானம் நடராஜன் பெயரில்தான் இருக்கிறது. ‘பலகையில் ஜேபி இல்லையே, உங்கள் வாதம் என்னாவது?’ என்று நண்பர் ஒருவர் மடக்கினார். பேரனின் தலைப்பெழுத்தில் தாத்தா இருப்பதில்லை என்று பதில் சொன்னேன்.

இந்த வாதத்தை உறுதி செய்யவோ உடைக்கவோ தேவையான ஆவணங்கள் எந்த நூலகத்திலும் இல்லை. சேலம், நாமக்கல் ஊர்களின் டீக்கடைச் சுவரில் நுழைவுக் கட்டணமும் முதல் பரிசுத் தொகையும் போட்டு ஒட்டப்படும் டோர்னமெண்ட் நோட்டீஸ்கள்தான் அவை. அடுத்த நோட்டீஸ் மேலே ஒட்டப்படுவதற்குள் அவற்றைப் படமெடுத்துத் தேதியிட்டுச் சேர்த்துவைக்க இவ்வட்டாரக் கல்லூரிகளின் உடற்கல்வித் துறைகள் முன்வர வேண்டும்.